முட்டையைக் கொத்தும் கோழி: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்தோடு சேர்த்து ஏழு பெட்டைக் கோழிகளை வளர்க்கிறேன். மூன்று வாரங்களாக முட்டையிடும் பெட்டியில் நாள்தோறும் இரண்டு முட்டைகளாவது உடைந்து கிடக்கின்றன. ஒரு பழுப்புப் பெட்டையின் அலகில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்ததைக் கண்ட பிறகுதான், எலிகளின் மீது நான் சுமத்திய பழி தவறென்று புரிந்தது.

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது, அதில் 20 மணி நேரம் போல ஓடு படிவதற்கே செலவாகிறது என்பதால், சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு மெலிந்து எளிதில் உடையும் என்பதை அறிவேன். பாத்திகளில் மிஞ்சும் கீரையையும் தானியத்தையும் தாராளமாகக் கொடுத்து, அவை தீவனம் உண்பதைக் குறைத்தது என் பிழையே. இப்போது கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். முட்டைகளையும் நாளுக்கு மூன்று முறை எடுத்துவிடுகிறேன். ஓடு கெட்டிப்பட்டுவிட்டது, ஆனால் கொத்தும் பழக்கம் நிற்கவில்லை.

முட்டை உருண்டு மறைவான தட்டில் போய்ச் சேரும்படி பெட்டியின் அடித்தளத்தைச் சரிவாக அமைத்தவர்கள், எவ்வளவு சரிவு வைத்தீர்கள், அதன் மேல் எதை விரித்தீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். மரத்தாலான போலி முட்டை யாருக்கேனும் பலன் தந்ததா? அந்தப் பெட்டையைச் சில நாள் தனியே அடைத்துவிட்டு மீண்டும் சேர்த்தால் மற்றவை அதைக் கொத்தி விரட்டுமோ என்ற தயக்கமும் இருக்கிறது. அலகை வெட்டுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.