இரண்டு பொட்டலமும் ஒரு பொலிஸ் ரிப்போர்ட்டும்

குழு: அம்மாயி வீட்டுப் பிள்ளைகள்
ஞாயிறு இரவு

கொழும்புச் சித்தப்பா, 7.12
பிள்ளைகளே, ரேடியோவில் ஒரு பேச்சு கேட்டேன். ஒருவன் கையில் கொஞ்சம் கஞ்சா இருந்தால் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது, தண்டம் மட்டும் போட்டு விட வேண்டும் என்று ஒருவர் வாதாடினார். வீட்டில் வயசுப் பிள்ளைகள் இருக்கிறவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பெரியப்பா, 7.15
இதில் நினைக்க என்ன இருக்கிறது? தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருஷம் ஆட்களை மேய்க்கிற கங்காணியாக இருந்தவன் நான். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்கிற பையனின் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன், ராத்திரி யார் குடித்தான், யார் புகைத்தான் என்று. பொலிஸ் பயம் இருப்பதால்தான் இந்த மட்டில் நிற்கிறது. அதையும் எடுத்துவிட்டால் லயத்துக்கு லயம் விற்பான்.

மஸ்கெலியா அத்தை, 7.17
அண்ணன் சொல்வதுதான் என் பேச்சும். என் பிள்ளை கஞ்சாவில் தொடங்கினான். இன்றைக்கு ஐஸ் என்கிற அந்தப் பெரிய போதைப்பொருளில் வந்து நிற்கிறான். காதுத் தோட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

நர்ஸ் அண்ணி, 7.20
அத்தை 🙏

நான், 7.38
பெரியப்பா, அத்தை, கோபப்படாமல் இதைப் படியுங்கள். தம்பியின் விஷயம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் இந்தக் குழுவில் யாரும் வாய் திறந்ததில்லை. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2019 மாசி, சிவனொளிபாதமலை சீசன். அவனுக்குப் பத்தொன்பது வயது. கூட்டாளிகளோடு மலைக்குப் போனான். வழியில் பொலிஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி மோப்ப நாயை ஏற்றினார்கள். நாய் மூன்றாவது சீட்டில் அவன் பையருகே உட்கார்ந்துவிட்டது. வெற்றிலைச் சுருள் அளவில் இரண்டு கஞ்சாப் பொட்டலம், பழைய பேப்பரில் மடித்தது. நிறுத்துப் பார்த்தால் மூன்று கிராமும் சொச்சமும். அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். சேதி வந்ததும் கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடு பஸ் ஏறினார்.

பொட்டலத்தில் இருந்தது என்ன என்று சோதித்துச் சொல்கிற பகுப்பாய்வாளர் அறிக்கை வரவில்லை, வரவில்லை என்று வழக்குத் தவணை தள்ளிக்கொண்டே போனது. மொத்தம் ஐந்து தவணை. ஒவ்வொரு தவணைக்கும் அம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது. அப்போது ஒரு பேருக்கு 700 ரூபாய். கடைசியில், “ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டு தம்பி, இன்றோடு முடிந்துவிடும்” என்றார்கள். ஒத்துக்கொண்டான். கட்டினோம்.

முடியவில்லை. போன மாதம் கட்டாரில் ஒரு ஹோட்டல் சமையலறை வேலை சரிவந்தது. மெடிக்கலும் பாஸ். அப்புறம் பழைய வழக்கு ஏதும் உண்டா என்று காட்டுகிற பொலிஸ் ரிப்போர்ட் கேட்டார்கள். கவர் வந்த அன்று தபால் கந்தோர் படியிலேயே நின்று பிரித்தேன். அந்தப் பழைய வழக்கு ஒற்றை வரியில் இருந்தது. ஏஜென்சிக்காரர் அந்த வரியில் விரலை வைத்துப் படித்தார், ஃபைலை மூடினார், பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவன் செய்தது தவறு. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று கிராமுக்கு ஆறு வருஷம் கழித்தும் தண்டனையா?

பெரியப்பா, 7.46
உன் தம்பி எனக்கும் பிள்ளைதான். அவன் ஒருத்தனுக்காக ஊருக்கே சட்டத்தைத் தளர்த்த முடியுமா?

லோயர் மச்சான், 7.55
பெரியப்பா, முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். கடை போட்டு விற்கலாம் என்பது ஒன்று. கையில் கொஞ்சம் இருந்தால் குற்றவாளி ஆக்காதே என்பது வேறொன்று. சித்தப்பா கேட்டது இரண்டாவதைப் பற்றி. விற்கிறவனுக்கு வழக்கு அப்படியே இருக்கும்.

ஜமைக்காவில் 2015இல் இப்படித்தான் செய்தார்கள். 2 அவுன்ஸ், அதாவது சுமார் 56 கிராம் வரைக்கும் கைது இல்லை, குற்றப் பதிவும் இல்லை. ஒரு சீட்டு எழுதித் தருவார்கள், தண்டம் கட்ட வேண்டும். நம் ஊரில் ஹெல்மெட் போடாமல் பைக் ஓடினால் சீட்டு தருவார்களே, போஸ்ட் ஒபிஸில் போய்க் கட்டுகிறோமே, அது மாதிரி. யாராவது அதற்காக ஒருவனைக் குற்றவாளி என்கிறோமா?

போர்த்துகலில் 2001 முதல் வேறு வழி. பத்து நாள் பாவனைக்கு மேற்படாத அளவு இருந்தால் கோர்ட் இல்லை. சட்டம் தெரிந்தவர், மனநலம் தெரிந்தவர், சமூக சேவையாளர் என்று ஒரு சின்னக் குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும். பழக்கம் முற்றியவன் என்றால் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

கொழும்புச் சித்தப்பா, 7.58
இங்கே சட்டம் எப்போது வந்தது?

லோயர் மச்சான், 8.03
1929, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டளைச் சட்டம். 1984இல் திருத்தினார்கள். 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் இருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று வந்தது அப்போதுதான். 2022இல் ஐஸுக்கும் 5 கிராம் என்று வைத்தார்கள். கஞ்சாவை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. சட்டமே அதை வேறு தட்டில்தான் வைத்திருக்கிறது. ஆனால் நம் பிள்ளையின் ரிப்போர்ட்டைப் பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே “போதைப்பொருள் வழக்கு”.

ஐ.நா.விலும் 1961 உடன்படிக்கையில் ஹெரோயினோடு ஆகக் கடுமையான பட்டியலில் கஞ்சா இருந்தது. 2020 டிசம்பரில் ஓட்டெடுத்து அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 27க்கு 25. அத்தனை இழுபறி. கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது, ஆனால் மருத்துவப் பயன் உண்டு என்று ஒத்துக்கொண்டார்கள்.

பெரியப்பா, 8.06
மருந்து என்றால் எனக்கும் தெரியும். சிங்கள நாட்டு வைத்தியர், அந்த வெதமாத்தயா, லேகியத்தில் போடுவார். முனியாண்டி படையலில் சுருட்டு, சாராயத்தோடு ஒரு கிள்ளு வைத்ததையும் பார்த்திருக்கிறேன். அது சாமிக்கு வைத்தது. இந்தப் பையன்கள் வைத்திருப்பது அதற்கா?

நர்ஸ் அண்ணி, 8.14
பெரியப்பா கேட்பது சரியான கேள்வி. வார்டில் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், “பச்சிலைதானே” என்று யாரும் பேச வேண்டாம். பதினைந்து, பதினாறு வயதில் தொடங்கி தினம் புகைக்கிற பிள்ளைகளுக்கு மனச்சிதைவு வருகிற ஆபத்து கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது அந்த நோய் இருந்தால் இன்னும் அதிகம். காதில் குரல் கேட்கிறது என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பையனை நான் மறக்கவில்லை.

ஆனால் அந்த அம்மா எத்தனை மாதம் கழித்துக் கூட்டிவந்தார் தெரியுமா? எட்டு மாதம். ஆஸ்பத்திரியில் சொன்னால் பொலிஸுக்குப் போய்விடும் என்று பயந்தாராம்.

அத்தை, உங்களைக் குத்திச் சொல்லவில்லை.

மஸ்கெலியா அத்தை, 8.21
தெரியும் அம்மா. நானும் அந்தப் பயத்தில்தான் இருக்கிறேன். 2023 டிசம்பரில் “யுக்திய” என்று போதைப்பொருள் வேட்டைக்குப் பெயர் வைத்துப் பொலிஸ் வீடு வீடாகத் தேடினார்களே, அந்த மாதம் முழுக்க நான் தூங்கவில்லை. வெளியே லைட் அடித்தால் அவனை எழுப்பிவிடுவேன்.

லோயர் மச்சான், 8.24
அத்தை, அந்தச் சமயம் சில வாரங்களுக்குள் 29,000க்கும் அதிகமானவர்களைப் பிடித்ததாக ஐ.நா. நிபுணர்களே கவலை தெரிவித்தார்கள். அதில் பெரிய வியாபாரிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சிறையில் இடமில்லை. சிகிச்சை நிலையம் என்றால் கந்தகாடு புனர்வாழ்வு முகாம். 2022இல் அங்கே ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானவர்கள் வேலியை உடைத்து ஓடியதைப் பார்த்தோமே.

மஸ்கெலியா அத்தை, 8.27
சரி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். கஞ்சாவை விட்டுவிட்டால் ஐஸுக்குப் போக மாட்டான்களா? என் பிள்ளை போனானே.

நான், 8.35
அத்தை, அவனிடம் நான் ஒருநாள் கேட்டேன், ஐஸ் எங்கேயிருந்து வந்தது என்று. “கஞ்சா தருகிற அதே ஆள்தான். ஒருநாள் கஞ்சா இல்லை, இதை இழுத்துப் பார், காசு வேண்டாம் என்றான்” என்றான். அதே சந்து, அதே ஆள், அதே சட்டைப் பை. இரண்டையும் வைத்திருக்கிறவன் எதில் லாபம் அதிகமோ அதைத்தான் தள்ளுவான்.

லோயர் மச்சான், 8.39
நெதர்லாந்தில் 1976இலேயே சட்டத்தைப் பிரித்ததற்கு இதுதான் காரணம். கஞ்சா தேடிப் போகிற பையன் ஹெரோயின்காரன் வாசலில் போய் நிற்கக் கூடாது என்று.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தாய்லாந்து 2022 ஜூனில் ஒழுங்கான விதிமுறை இல்லாமல் மொத்தமாகத் திறந்தது. தெருவுக்குத் தெரு கடை. 2025இல் மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் என்று மறுபடி இறுக்கினார்கள். பெரியப்பாவின் பயம் வெறும் பயம் இல்லை.

பெரியப்பா, 8.44
அப்படிச் சொல்லு.

நான், 8.52
பெரியப்பா, எனக்கும் கடை வேண்டாம். சாராயம் விற்கிற தவறணை போதாதா நமக்கு? பத்தாம் தேதி சம்பளம் கொடுத்தால் பதினோராம் தேதி எத்தனை அடுப்பு எரியாது என்று உங்களுக்குத் தெரியாததா? சாராயத்துக்கு லைசன்ஸ் இருக்கிறது, அதைக் குடித்து விழுந்தவனின் பொலிஸ் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது.

நான் கேட்பது சின்னது. முதல் தடவை, கொஞ்சம்தான், விற்கவில்லை என்றால் தண்டம் போடட்டும். நர்ஸ் அண்ணி மாதிரி ஒருவர் முன்னால் மூன்று தடவை உட்கார வைக்கட்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு மலையைவிட்டு வெளியே போக இருக்கிற கதவு ஒன்றோ இரண்டோ. அந்தக் கதவிலேயே ரிப்போர்ட்டை ஒட்டிவிட்டால் அவன் எங்கே போவான்? திரும்பி அந்தச் சந்துக்குத்தான் போவான்.

பெரியப்பா, 9.10
விற்கிறவனை விடக் கூடாது. அதில் நான் மாற மாட்டேன்.
முதல் தடவை என்றால் யோசிக்கலாம்.

பெரியப்பா, 9.11
உன் தம்பி ஏன் பேசவில்லை?

தம்பி, 9.19
இருக்கிறேன் பெரியப்பா. எல்லாம் படித்தேன். நான் விட்டு ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அக்கா கவரைப் பிரித்த அன்றுதான் முதல் தடவையாக மறுபடி ஆசை வந்தது. போகவில்லை.

லோயர் மச்சான், 9.24
தம்பி, வழக்கு இலக்கம், தண்டம் கட்டிய ரசீது இரண்டையும் படம் எடுத்துத் தனியாக அனுப்பு. என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மஸ்கெலியா அத்தை, 9.31
நர்ஸ் பிள்ளை, நாளைக்கு உன் ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் இருப்பாரா? பொலிஸில் சொல்ல மாட்டார்களே?

நர்ஸ் அண்ணி, 9.32
இருப்பார் அத்தை. நோயாளியாகத்தான் பதிவார்கள். நான் வாசலில் நிற்கிறேன். அவன் வருவானா?

மஸ்கெலியா அத்தை, 9.40
இப்போது சரி என்கிறான். விடிந்தால் என்ன சொல்வானோ.

தம்பி, 9.41
ஆறரை பஸ்ஸுக்கு நான் வந்து கூட்டிப்போகிறேன் அத்தை. நான் சொன்னால் வருவான்.

பெரியப்பா, 9.43
நாளைக்கு உனக்குப் பேர் போகுமே?

தம்பி, 9.43
போகட்டும் பெரியப்பா.