ஒற்றைக் கையோடு அடுப்படியில் நிற்பவர்கள்: உங்கள் வீட்டு அனுபவம்?

செம்பனை நிழல், சுங்கை சிப்புட், மலேசியா:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதிலிருந்து அடுப்படிப் பக்கமே யாரும் விடுவதில்லை. தீபாவளிக்கு வந்த அத்தை, அம்மா வெங்காயத்தை எடுத்ததைப் பார்த்துவிட்டு, "நீங்க போய் உட்காருங்க அண்ணி" என்று கத்தியைக் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. இடது கை மட்டும் பலகை மேல் அப்படியே இருந்தது, விரலில் வெங்காயத்தோல் ஒட்டிக்கொண்டு. விடியக்காலையில் பால்மரம் சீவிவிட்டு வந்து வீட்டுக்கே ஆக்கிப் போட்டவர் அவர். எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் தம்பிதான் வழி பண்ணினான். பலகையில் கீழிருந்து இரண்டு துருப்பிடிக்காத ஆணிகளை அடித்து, முனை மேலே நிற்கும்படி செய்தான். வெங்காயத்தை அதில் குத்திவிட்டால் உருளாது, ஒரு கையாலேயே உரித்து நறுக்கலாம். பலகை நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. இப்போது சம்பலுக்கு வெங்காயம் அம்மா பொறுப்பு.

குலைவெட்டி மகன்:
எங்கப்பாவுக்கு செம்பனை வேலையில் கையில் அடிபட்டு, விரல்கள் முழுசாக மடங்காது. மெல்லிய கத்திப்பிடி அவர் கையில் நிற்கவே நிற்காது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியில் தடிமனாகச் சுற்றிக்கொண்டார். அன்றைக்கு ஒரு கூடை கெம்போங் மீனை அவரே ஆய்ந்து முடித்து, "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் பாருங்கள்!

தாமான் அக்கா:
ஆணிப்பலகை நல்ல யோசனைதான். ஆனால் அத்தையைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. என் மாமியாருக்கு இனிப்புநீர் (நீரிழிவு), விரல்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. கொதிக்கும் சட்டியின் காதை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தார். தோல் கருகும் வாடையை வைத்துத்தான் நான் திரும்பிப் பார்த்தேன், அவருக்கு அதுவரை தெரியவே இல்லை. பயப்படுகிறவர்களுக்கும் காரணம் இருக்கிறது.

செம்பனை நிழல்:
அக்கா, அத்தை பிடுங்கியது கத்தியை, நெருப்பை இல்லை. அம்மாவின் இடது கைக்குச் சூடு நன்றாகவே தெரியும். ஒவ்வொருவருக்கும் எது முடியும், எது முடியாது என்று கேட்டுவிட்டுத் தடுக்கலாமே.

ஓய்வுபெற்ற தாதி:
இரண்டு பேர் சொல்வதும் சரி. என் அண்ணனுக்குக் காலை எடுத்துவிட்டார்கள், இப்போது உட்கார்ந்தே சமைக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

உணர்ச்சி குறைந்த கைக்கு, சட்டியை எந்த நேரத்திலும் துணியால்தான் தொடுவது என்று பழக்கிவிடுங்கள், சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட. சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். காய் வேகவைக்கும்போது சட்டிக்குள் கம்பிக்கூடையை இறக்கிவிட்டால், கடைசியில் கூடையை மட்டும் தூக்கினால் போதும். கொதிநீரைக் கவிழ்க்க வேண்டியதே இல்லை. கேஸ் தோம்பை (சிலிண்டரை) திருக முடியாதவர்களுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு நல்லது. சட்டியை எடுத்ததும் சூடேற்றுவது நின்றுவிடும், ஆனால் கண்ணாடி கொஞ்ச நேரம் சுடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் தொழில்வழி சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, ஒரு கையால் சமைக்கவும் அங்கே பழக்குவார்கள். பலர் பிசியோவோடு நிறுத்திக்கொள்கிறார்கள், இதையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ (மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) திட்டம் 2022 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. 55 வயதுக்குக் கீழே உள்ள பெண்களுக்கு, ஆண்டுக்குச் சந்தா 120 வெள்ளி (ரிங்கிட்). வீட்டு வேலையில் அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு, ஆனால் அடிபடுவதற்கு முன்னாலேயே பதிந்திருக்க வேண்டும்.

செம்பனை நிழல்:
நன்றிங்க. என் அக்காவை நாளைக்கே பதியச் சொல்கிறேன். ஆனால் இண்டக்‌ஷனில் மண்சட்டி சூடாகாதே? அம்மா மீன்கறியை வேறு சட்டியில் வைக்க ஒத்துக்கொள்ள மாட்டார். தோம்பின் திருகை ஒரு கையால் திறக்க யாராவது வழி கண்டுபிடித்திருக்கிறீர்களா?