எலெக்ட்ரிக் கம்போஸ்டர் தூளைத் தொட்டியில் போட்டால் வெள்ளைப் பூஞ்சை, இலை கருகல் – எங்கே தப்பு?

வேளச்சேரிவாசி:

வணக்கம். நாலு பேர் உள்ள ஃபிளாட். தினமும் 800 கிராமிலிருந்து 1 கிலோ வரை சமையலறைக் கழிவு சேரும். எங்களிடம் இருப்பது சூடாக்கிக் காயவைத்து அரைக்கும் வகை கம்போஸ்டர். 3 லிட்டர் பக்கெட், 500 வாட். மொட்டை மாடியில் 12 அங்குல குரோபேக் (செடி வளர்க்கும் பை) 20 இருக்கு.

மெஷினில் வரும் பழுப்புத் தூளைத் தக்காளி, கத்தரிக்குப் பைக்கு இரண்டு கைப்பிடி வேரடியில் போட்டோம். மூணு நாளில் மேலே பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை, புளிச்ச வாடை, எறும்பு. அடுத்த வாரம் அடி இலை மஞ்சளாகி ஓரம் கருகுது. இது உரம்தானா, இல்லையா?

இன்னொன்று. முதலில் 5 மணி நேரத்தில் முடிந்த சைக்கிள் (மெஷினின் ஒரு முழு ஓட்டம்) இப்போது 8, 9 மணி நேரம் ஓடுது. ஓடும்போது வாடையும் வருது. கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்க. நுண்ணுயிர் போட்டு ஓட்டும் வகைக்கு மாறினால் இதெல்லாம் தீருமா?

சர்வீஸ்பெஞ்ச்:

மெஷின் பக்கத்தை நான் சொல்றேன் சார், மண் பக்கத்தை மற்றவங்க சொல்லட்டும்.

நேரம் நீளுறதுக்கு முதல் காரணம் தண்ணி. காய்கறிக் கழிவில் 80 முதல் 90 சதவீதம் தண்ணிதான். 1 கிலோ தண்ணியை அறை வெப்பத்திலிருந்து ஆவியாக்கவே கிட்டத்தட்ட 0.7 யூனிட் வேணும். அது இயற்பியல் கணக்கு, எந்தக் கம்பெனி மெஷினாலும் அதை ஏமாத்த முடியாது. அதனால தர்பூசணித் தோல், பூசணிக் குடல், ரசம் சாம்பார் வண்டலை அப்படியே கொட்டினா நீங்க காசு கொடுத்துக் கொதிக்க வைக்கிறது தண்ணியைத்தான். சிங்க்கில் ஓட்டைக் கூடை வச்சு ராத்திரி முழுக்க வடிய விட்டு, காலையில ஒரு தடவை கையால பிழிஞ்சு போடுங்க. ஒரு மணி நேரமாவது குறையும்.

இரண்டாவது ஃபில்டர். ஆவி முழுக்க கார்பன் ஃபில்டர், அதாவது வாடையை உறிஞ்சுற கரி போட்ட டப்பா வழியாத்தான் வெளியே போகுது. ஈரம் அதிகமான சரக்கை ஓட்டிக்கிட்டே இருந்தா ஆவி உள்ளேயே குளிர்ந்து கரித்துண்டை நனைச்சிடும். காத்து போக வழி இல்லாம காயுற நேரம் கூடும், வாடையும் கரியில நிக்காம வெளியே வரும். உங்க ரெண்டு புகாருக்கும் இதுதான் மூலம்னு நினைக்கிறேன். ஃபில்டரைக் கழட்டி எடை பாருங்க. புதுசா வாங்கினப்போ இருந்ததை விடக் கனமா இருந்தா நனைஞ்சிருக்கு. வெயில்ல ரெண்டு நாள் காயவச்சா ஈரம் போகும், காத்து ஓடும். ஆனா வாடையை உறிஞ்சுற சக்தி திரும்பாது. அதுக்கு அடுப்புச் சூடெல்லாம் போதாது, தொழிற்சாலையில 700, 800 டிகிரிக்குக் கொண்டு போகணும். தினமும் ஓடுற மெஷினுக்கு 3 முதல் 4 மாசத்துல கரி மாத்த வேண்டி வரும்.

மூணாவது மூடியோட ரப்பர் கேஸ்கெட். ஓரத்துல சோத்துப் பருக்கை காஞ்சு ஒட்டியிருந்தா மூடி முழுசா உட்காராது, ஆவி ஃபில்டருக்குப் போகாம பக்கவாட்டுல கசியும். ஈரத் துணியால தினமும் ஒரு சுத்து துடைச்சா போதும்.

பிளேடு விஷயத்துல நம்ம வீட்டுச் சமையலுக்குன்னு சில எச்சரிக்கை இருக்கு. வாழைத்தண்டு நார், வாழையிலை, சோளத் தோகை, கீரைத் தண்டு இதெல்லாம் நீளமா போனா பிளேடு தண்டுல கயிறாச் சுத்திக்கும். மோட்டார் இறுகி, ஓவர்லோடு விளக்கு எரியும். ரெண்டு அங்குலத்துக்கு மேல நீளம் இருக்கக் கூடாது. முருங்கைக்காய்ச் சக்கையும் அப்படித்தான். மாங்கொட்டை, கொட்டாங்குச்சி, தேங்காய் நார், ஆட்டு எலும்பு வேண்டவே வேண்டாம். முட்டை ஓடு, சின்ன மீன் முள், இறால் ஓடு போடலாம். பாயசம், கேசரி, வெல்லப் பாகு மிச்சம் போடாதீங்க, சூட்டுல பாகா உருகி ஆறினதும் கல்லாயிடும். புளிச்ச மாவும் குழைஞ்ச சோறும் தனியா போட்டா பக்கெட் சுவர்ல அப்பம் மாதிரி ஒட்டும். காய்கறித் தோல், டீத்தூளோட கலந்து, மொத்தத்துல கால் பங்குக்கு மேல போகாம பாருங்க. பிளேடு இறுகிட்டா ஸ்க்ரூடிரைவரால நெம்பாதீங்க, பக்கெட் உள்பூச்சு போயிடும். சுடுதண்ணி பிளேடு மூழ்குற அளவு ஊத்தி ரெண்டு மணி நேரம் ஊற விடுங்க, தானா இளகும்.

கரண்ட்: 500 வாட் போட்டிருந்தாலும் ஹீட்டர் விட்டு விட்டுத்தான் எரியும். ஒரு சைக்கிளுக்கு 0.8 முதல் 1.2 யூனிட். தினமும் ஓட்டினா இரண்டு மாச பில்லுல சுமார் 60 யூனிட் கூடும். உங்க வீடு 450 யூனிட் பக்கம் நிக்கிற வீடா இருந்தா கவனம். 500ஐத் தாண்டினா முந்தின ஸ்லாப்புக்கும் சேர்த்து ரேட் ஏறும். 6 ஆம்பியர் பிளக் போதும், ஆனா எர்த் சரியா இருக்கணும், ஈரமும் சூடும் சேர்ந்த மெஷின்.

கீரைப்பாத்தி:

அது உரம் இல்லை, காய்ந்த சாப்பாடு. உங்கள் கேள்விக்கு அதுதான் பதில். மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சூடாகும்போது மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் செத்துவிடும். தண்ணீர் போய்விட்டதால் மக்குவது தொடங்கவே இல்லை. பொடியாக இருப்பதாலும் மண் நிறத்தில் இருப்பதாலும் முடிந்துபோன உரம் மாதிரி தெரிகிறது. தண்ணீர் பட்டதும் உண்மையான மக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும், அதுவும் உங்கள் தக்காளி வேரின் மேலேயே. பூஞ்சை அதனால்தான், அந்தப் பூஞ்சை செடிக்கு நோய் இல்லை. கெடுதல் வேறு இடத்தில். பொடி மக்கும்போது வேருக்குப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜன் தீர்கிறது, சூடு கிளம்புகிறது, அமோனியா வருகிறது. சமைத்த மிச்சத்தில் உப்பு வேறு. இலை ஓரம் கருகுவது பெரும்பாலும் உப்பின் வேலை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, குழம்பு வண்டல் எதுவும் மெஷினுக்குள் போகக் கூடாது. சமைத்த காய், பொரியல் மிச்சம் என்றால் ஒரு தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள்.

இப்போதைக்கு மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிடுங்கள். 12 அங்குலப் பைக்கு 15 முதல் 20 லிட்டர் தண்ணீரை நிதானமாக இரண்டு மூன்று தவணையில் விட்டு அடியில் வடிய விடுங்கள், உப்பு இறங்கும். பிறகு மேல்மண் காய்ந்த பின்தான் அடுத்த தண்ணீர். இரண்டு வாரத்துக்கு எந்த உரமும் வேண்டாம். நுனித் தளிர் பச்சையாக இருந்தால் செடி பிழைத்துவிடும்.

இனி வரும் தூளுக்கு வழி சொல்கிறேன். 1 கிலோ கழிவுக்கு 150 முதல் 200 கிராம் தூள் என்றால் மாதம் 5 கிலோ பக்கம் சேரும். ஒரு பங்கு தூளுக்குப் பத்துப் பங்கு மண் என்று கலந்து ஒரு மாதம் விட்டு நடலாம் என்பார்கள். அது சரிதான், ஆனால் உங்கள் 20 பைக்கு அந்தக் கணக்கு சில மாதம்தான் தாங்கும், பிறகு மண் தீர்ந்துவிடும். அதனால் தனியாக ஒரு டிரம்மில் மக்கவைத்தே ஆக வேண்டும்.

50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் எடுத்து, அடியிலும் பக்கத்திலும் 8 மில்லிமீட்டர் துளை முப்பதாவது போடுங்கள். தூள் ஒரு பங்கு, நொறுக்கிய காய்ந்த இலை இரண்டு பங்கு, பழைய தொட்டி மண் ஒரு பங்கு, எல்லாம் கன அளவில். இரண்டு கைப்பிடி மண்புழு உரமோ கரைத்த சாணமோ சேர்த்தால் நுண்ணுயிர் கிடைத்துவிடும். தண்ணீர் தெளித்துக் கலந்துகொண்டே வந்து, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், ஒழுகக் கூடாது, கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் நடுவில் கை வைக்க முடியாத சூடு வரும். வந்தால் நல்லது. வாரம் ஒரு முறை அடிமேலாகக் கிளறுங்கள். அமோனியா மூக்கில் ஏறினால் இலை போதவில்லை, புளிப்பு வாடை என்றால் தண்ணீர் கூடிவிட்டது. 5 முதல் 7 வாரத்தில் சூடு அடங்கி, மழை நனைத்த மண் வாசம் வரும். சந்தேகம் இருந்தால் அதில் 20 வெந்தயமும், வெறும் தொட்டி மண்ணில் 20 வெந்தயமும் போட்டுப் பாருங்கள். முளைப்பு இரண்டிலும் சமமாக இருந்தால்தான் செடிக்குக் கொடுக்கலாம். அப்போதும் ஒரு பைக்கு மாதம் இரண்டு கைப்பிடி, தண்டை விட்டுத் தள்ளி, பை ஓரமாக.

மக்கவைக்கும் வரை தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சென்னைப் புழுக்கத்தில் திறந்து வைத்தால் இரண்டே நாளில் ஈரம் ஏறி, கரப்பானுக்கும் எறும்புக்கும் விருந்தாகிவிடும்.

வேளச்சேரிவாசி:

மிக்க நன்றி இருவருக்கும். ஃபில்டர் நனைந்துதான் இருக்கு, எடை நல்லாவே கூடியிருக்கு. அபார்ட்மென்ட்டில் காய்ந்த இலை அவ்வளவு கிடைக்காது, பதிலுக்குக் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) போடலாமா? நுண்ணுயிர் மெஷின் பற்றியும் யாராவது சொல்லுங்க.

கீரைப்பாத்தி:

கோகோபீட் ஈரம் பிடிக்கும், காற்றோட்டமும் தரும். ஆனால் அது மெதுவாக மக்கும், இலை செய்யும் வேலையில் பாதிதான் செய்யும். பாதி கோகோபீட், பாதி இலை என்றால் நன்றாக வரும். கழுவாத கோகோபீட் கட்டியில் உப்பு இருக்கும், இரண்டு தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். தெருவில் தூங்குமூஞ்சி, புங்க மரம் இல்லாத பகுதி சென்னையில் குறைவு. காலையில் தெரு கூட்டுபவரிடம் சொல்லிவைத்தால் ஒரு சாக்கு இலை கிடைத்துவிடும். அந்த இலை குப்பை வண்டியில் ஏறிப் பெருங்குடி குப்பைமேட்டுக்குப் போவதைவிட உங்கள் டிரம்முக்கு வருவது எவ்வளவோ மேல். 2022 ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. ஈரக்குப்பை அடியில் அழுகினால் வருவது மீத்தேன், தீப்பிடித்தால் எளிதில் அணைக்க முடியாது.

அடுக்குப்பானை:

நுண்ணுயிர் வகைக்கு மாறும் முன் ஒன்றை யோசிங்க. அது 24 மணி நேரமும் பிளக்கில் இருக்கணும். உள்ளே 40 முதல் 60 டிகிரி, விட்டு விட்டுக் கிளறும். ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 யூனிட், அதாவது இப்ப இருக்கிறதைவிடக் குறையாது, கூடலாம். வெளியே வருவது உரத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும், ஆனா அதையும் இரண்டு மூணு வாரம் மண்ணில் முதிர விட்டுத்தான் செடிக்குப் போடணும். லாபம் என்னன்னா, கழிவு வர வரப் போட்டுக்கிட்டே இருக்கலாம், நார் சுத்துற தொல்லையும் குறைவு.

முதல் இரண்டு வாரம் தினம் 200, 300 கிராமுக்கு மேல் போடாதீங்க, நுண்ணுயிர் பெருக நேரம் வேணும். எலுமிச்சைத் தோல், புளிச்சக்கை, புளிச்ச மாவு மொத்தமாப் போனா உள்ளே அமிலம் ஏறிக் கூழாயிடும். அப்ப தீனியை நிறுத்தி, இரண்டு கைப்பிடி உலர்ந்த கோகோபீட்டும் ஒரு ஸ்பூன் முட்டை ஓட்டுப் பொடியும் போட்டு ரெண்டு நாள் ஓட விடணும். பக்கெட்டை முழுசாக் காலி பண்ணவே கூடாது, பாதி உள்ளேயே இருக்கணும்.

வேளச்சேரின்னு சொன்னதால் இதையும் சொல்றேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அந்தப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்ல. நாலைஞ்சு மணி நேரம் போனா இந்த மெஷின் தாங்கும். ஒரு நாளுக்கு மேலே ஆனா மூடியைத் திறந்து, கோகோபீட் சேர்த்து, கரண்டியால காலையும் மாலையும் கிளறணும். இல்லேன்னா காத்தில்லாம அழுகி வீடு முழுக்க நாறும். காயவைக்கும் வகைக்கு அந்தப் பயம் இல்லை. உங்களுக்கு மொட்டை மாடி இருக்கறதால, பச்சைக் காய்கறித் தோலை நேரா டிரம்முக்குக் கொடுத்துட்டு, சமைச்ச மிச்சம், மீன் கழிவு, சிக்கன் மட்டும் மெஷின்ல போடுங்க. மூணு நாளைக்கு ஒரு சைக்கிள் போதும், கரியும் நீடிக்கும். மெஷினை மாத்தறதுக்கு அவசியமே இல்லை.

வேளச்சேரிவாசி:

அப்படியே செய்றேன். கடைசியா ஒரு சந்தேகம், ஃபில்டர் மொத்தமா மாத்தணுமா, கரி மட்டும் வாங்கி நிரப்பலாமா?

சர்வீஸ்பெஞ்ச்:

டப்பாவோட அடியில திருகு மூடியோ ஸ்க்ரூவோ இருந்தா நிரப்பலாம். ஒட்டி மூடினதா இருந்தா உடைக்காதீங்க, சீல் போயிட்டா வாடை பக்கத்துல கசியும். கொட்டாங்குச்சிக் கரியில் செஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் கேளுங்க, 3 முதல் 4 மில்லிமீட்டர் துண்டு. வாட்டர் ஃபில்டர் சாமான் விக்கிற கடையிலயும் மீன்தொட்டிக் கடையிலயும் கிடைக்கும். பொடிக் கரி வாங்கிடாதீங்க, காத்து போகாம ஃபேன் திணறும். நிரப்புறதுக்கு முன்னாடி சல்லடையில போட்டுத் தட்டித் தூசியை எடுத்துடுங்க. கழுவினா நல்லா வெயில்ல காய்ஞ்ச பிறகுதான் உள்ளே போகணும். டப்பாவைக் குலுக்கினா சத்தம் வராத அளவு நிரப்பி, மேலே இருந்த பஞ்சுத் துணியைத் திரும்ப அதே மாதிரி போட்டு மூடுங்க. அந்தத் துணி இல்லாம விட்டா கரித்தூள் ஃபேனுக்குள்ள இறங்கிடும்.