கொத்தலஹிம்புட்டு கெப்சியூல்: அம்மாவுக்குத் தொடரலாமா?

மஸ்கெலியா மகன்:
அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் மெட்போமினும் கிளிபென்கிளமைட்டும் கொடுக்கிறார்கள். கொத்தலஹிம்புட்டு என்ற மூலிகைக் கட்டையில் கடைந்த குவளையில் இரவில் தண்ணீர் ஊற்றிவைப்பார். விடியும்போது அது தேயிலைச் சாயம்போல் சிவந்திருக்கும். குடித்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவார். போன மாதம் டவுனில் அதன் சாற்றை அடைத்த கெப்சியூல் வாங்கிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் மலையில் கை நடுங்கி, வேர்த்து, கூடையோடு உட்கார்ந்துவிட்டார். சீனி அள்ளிப்போட்ட பிளேன்டீ குடித்தும் தெளிய நேரமாயிற்று. எதை நிறுத்துவது?

மலைச்சாரல்:
குளிசையைக் குறையுங்கள் தம்பி. சீனி இறங்கியதே மூலிகை வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. 2005இல் இலங்கையில் 51 நோயாளிகளுக்கு இதே மரம் சேர்ந்த தேநீரைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. மூன்று மாதத்தில் பலன் தெரிந்தது. இது பாட்டி கதை அல்ல.

அட்டன் மருந்தாளர்:
ஐயா, கிளினிக் குளிசையைக் குறைக்கச் சொல்ல நீங்கள் யார்? ஆய்வை நானும் மறுக்கவில்லை. இந்த மரத்தில் சலசினோல் என்றொரு பொருள் உண்டு. குடலில் மாச்சத்தும் சீனியும் உடைவதை அது தாமதப்படுத்தும். அந்த ஆய்வில் கொடுத்தது அளந்த தேநீர். நீங்கள் வாங்கிய போத்தலில் சலசினோல் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? கிளிபென்கிளமைட் தனியாகவே சீனியை இறக்கக்கூடியது.
இன்னொன்று: குடலில் சீனி உடைவதே தாமதமாகும்போது, சீனி போட்ட பிளேன்டீ எப்படி உடனே கைகொடுக்கும்? குளுக்கோஸ் தூளை அம்மாவின் இடுப்புப் பையில் வையுங்கள். உடைய வேண்டிய தேவையில்லாமல் அது நேரே இரத்தத்தில் சேரும்.

மலைச்சாரல்:
மருந்தாளர் தங்கச்சிக்கு மூலிகை என்றாலே கசப்பு. ஹக்கல பூங்கா 1861இல் எதற்காகத் தொடங்கப்பட்டது? சிங்கோனா வளர்க்க. நம் மலையில் அந்தப் பட்டையை உரித்தவர்கள் யார்? காய்ச்சலுக்கு உலகமே விழுங்கிய கொயினா மரப்பட்டைதானே?

அட்டன் மருந்தாளர்:
நன்றாக எடுத்துக்கொடுத்தீர்கள். 1820இல் பட்டையிலிருந்து குயினைன் மருந்தைப் பிரித்தெடுத்த பிறகுதான் இன்னாருக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கொடுக்க முடிந்தது. கூடினால் காது இரையும் என்பதும் தெரிந்தது. அந்த நிறுவையைத்தான் கேட்கிறேன்.

பண்டாரவளைப் பேத்தி:
இடையில் ஒன்று. நம் தேயிலையையே பாருங்கள். குடிக்கிற சாயத்தால் கெடுதலில்லை. பச்சைத் தேயிலைச் சாற்றுக் குளிசையில் ஈஜிசிஜி என்ற தேயிலைப் பொருள் ஒருநாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்சென்றால் ஈரலுக்குப் பாதிப்பு வரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. இலை வேறு, இறுக்கிய சாறு வேறு.

மலைச்சாரல்:
சரி, சாற்றை விடுங்கள். தம்பி, அன்று காலை அம்மா சாப்பிட்டாரா?

மஸ்கெலியா மகன்:
இல்லை அண்ணே. ரொட்டியைப் பத்து மணிக்குத் தின்னலாம் என்று மடித்து எடுத்துப்போயிருக்கிறார். குளிசையும் கெப்சியூலும் வெறும் வயிற்றில்.

அட்டன் மருந்தாளர்:
அப்படியென்றால் பழி குளிசை, கெப்சியூல், வெறும் வயிறு மூன்றுக்கும்தான். கெப்சியூலை இன்றே நிறுத்துங்கள். குளிசையில் கைவைக்காதீர்கள். போத்தலையும் கிளினிக் கொப்பியையும் டொக்டரிடம் காட்டுங்கள். குவளைத் தண்ணீர் பற்றியும் சொல்லுங்கள், மறைப்பதில்தான் ஆபத்து.

மஸ்கெலியா மகன்:
வியாழன் கிளினிக். அதுவரை குவளை வேண்டாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது அதில் கரண்டிகள் நிற்கின்றன.