பிக்மில (கர்ப்பிணிகளைப் பதியற அரசு சைட்) ஏத்தினது பிரசவம் நடக்கற ஊர்ல பாப்பாங்களா?

மதுரைக்காரன்:
தங்கச்சிக்கு தலைப்பிரசவம், கோயம்புத்தூர்ல காமிக்கிறா. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சு மதுரைக்கு கூட்டிட்டு வரணும். அவளுக்கு ஓ நெகடிவ், மாப்பிள்ளைக்கு பாசிடிவ். அந்த சைட்ல பதிஞ்ச 12 இலக்க ஆர்சிஎச் ஐடி நம்பர் இருக்கு, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு நர்ஸம்மா சொல்றாங்க. ராத்திரி வலி வந்து ஓடினா யாராவது தொறந்து பாப்பாங்களா? பயமா இருக்கு.

லேபர்வார்டு சிஸ்டர்:
தம்பி, ஐடி போட்டா வரும், ஆனா ஏத்தினது மட்டும்தான் வரும். நெகடிவ் தாய்க்கு, குழந்தையோட பாசிடிவ் ரத்தத்துக்கு எதிர்ப்பு உடம்புல உருவாகாம இருக்க 28ஆவது வாரம் ஆன்டி-டி ஊசி போடணும், வளைகாப்பு முடிஞ்சு ஊர் மாறுறதும் அதே நேரம், அங்க போட்டுருப்பாங்கன்னு இவங்களும் இங்க போட்டுக்குவாங்கன்னு அவங்களும் விட்டுருவாங்க. போட்ட தேதியும் பதிவாகணும், ஏன்னா ஊசிக்கு அப்புறம் ஐசிடி டெஸ்ட் (அந்த எதிர்ப்பு இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) பாசிடிவ் காட்டலாம், தேதி தெரியலைன்னா உடம்புல ஏற்கனவே எதிர்ப்பு வந்துருச்சுன்னு நினைச்சு, குழந்தை பாசிடிவா இருந்தா பொறந்து 72 மணி நேரத்துக்குள்ள போட வேண்டிய அடுத்த ஊசியையே விட்டுற வாய்ப்பு இருக்கு.
பிபியும் அப்படித்தான். 136/86னு வந்தா 140/90 தாண்டலையேன்னு தோணும், முன்னாடி 100/60 இருந்த பொண்ணுன்னு ஸ்க்ரீன்ல பக்கத்துலயே தெரிஞ்சா உடனே உஷாராவோம்.

கிராம நர்ஸ்:
சிஸ்டர் சொல்றது நூத்துக்கு நூறு. நாங்க பகல் முழுக்க ஃபீல்டுல நோட்டுல எழுதி சாயங்காலம் உக்காந்து ஏத்தறோம், சர்வர் சுத்திட்டே இருக்கும், அவசரத்துல எல்லாருக்கும் 110/70னு தட்டி விடறவங்களும் உண்டு, அது தாயோட உசுரோட விளையாடறது, இதை யாரும் வெளிய பேசறதில்ல. பர்த் சர்டிபிகேட்டுக்கு 2017லருந்து இந்த ஐடி கேக்கறதால நம்பர் எல்லாரும் வாங்கிடறாங்க, உள்ள விவரம் முழுசா இருக்கான்னு பாக்கறதுதான் இல்ல. பிரைவேட்ல எடுத்த ஸ்கேன், சுகர் ரிசல்ட்டை நீங்களே கொண்டு போய் காமிச்சு ஏத்தச் சொல்லுங்க. மதுரைக்கு வந்ததும் அந்த ஏரியா நர்ஸ்கிட்ட ஐடியோட சொல்லிருங்க, ஹை ரிஸ்க்னு குறிச்சு அவங்க ஃபாலோ பண்ணுவாங்க.

மதுரைக்காரன்:
ரொம்ப நன்றி சிஸ்டர், நன்றிக்கா. ஊசி விஷயம் யாருமே சொல்லல, நாளைக்கே கேக்கறேன். செக்கப், ஊசி எல்லாம் எழுதற தாய்-சேய் கார்டை போன்ல போட்டோ எடுத்து வச்சா போதுமா?

லேபர்வார்டு சிஸ்டர்:
ஒரிஜினலையும் பையில வைங்க தம்பி. போட்டோல ஊசி எழுதுன பக்கம்தான் விட்டுப்போகும், கரண்ட் இல்லாத நேரத்துல எங்களுக்கு அந்த கார்டுதான்.