கோஃப்தா கல்லிலேயே உதிர்கிறது, தயிர் சாஸ் தண்ணீர் விடுகிறது: என்ன செய்யலாம்?

குத்தாலம்வாசி:
துருக்கி, லெபனான் பக்கத்துக் கோஃப்தாவை வடை மாதிரி தட்டி தோசைக்கல்லில் போடுகிறேன். வெள்ளாட்டுக் கொத்துக்கறி அரை கிலோ, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் 2, முட்டை 1, சீரகம், மல்லி, புதினா. திருப்பினால் உடைகிறது, உடையாதது ரப்பராக இருக்கிறது. தயிர், பூண்டு, வெள்ளரித் துருவல் சேர்த்த சாஸும் பத்து நிமிடத்தில் நீர்த்துவிடுகிறது. மயிலாடுதுறையில் கிடைக்கிற பொருளை வைத்தே சொல்லுங்களேன்.

கும்பகோணம் அடுப்படி:
கோளாறு கறியில்தான் தொடங்குகிறது. அந்த நாடுகளில் இதற்குச் செம்மறியோ மாட்டுக்கறியோதான், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கொழுப்போடு. வெள்ளாட்டில் அவ்வளவு கொழுப்பு கிடையாது, அதனால்தான் ரப்பர். கடையில் செம்மறி முன்சந்து 400 கிராம், தனிக் கொழுப்பு 100 கிராம் கேளுங்கள். வெள்ளாடுதான் இருக்கிறது என்றாலும் கொழுப்பைக் குறைக்காதீர்கள்.

நம் வீடுகளில் கொத்துக்கறியைக் கொத்திய பிறகு அலசுகிறோம். இதற்கு அது கூடவே கூடாது. அலசினால் கறி தண்ணீரைக் குடித்துவிடும், பிடிப்பு போய்விடும். துண்டாக இருக்கும்போதே கழுவி, துணியால் ஒற்றிவிட்டு, மெஷினில் இரண்டு முறை விடச் சொல்லுங்கள்.

வெங்காயம் ஒன்று போதும். துருவி, ஒட்டப் பிழிந்து சக்கையை மட்டும் போடுங்கள். உப்பு ஒரு டீஸ்பூன். கறி சில்லென்று இருக்கும்போதே நாலு நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். உப்பும் பிசைதலும் சேர்ந்துதான் கறியின் புரதத்தைப் பசையாக்கும், முட்டை தேவையே இல்லை. கையில் ஒட்ட ஆரம்பித்தால் பதம். அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் கனத்தில் தட்டி, நடுவில் லேசாகக் குழித்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கறி வேகும்போது சுருங்கி நடுவே புடைத்துக்கொள்ளும், குழி அதைச் சரிக்கட்டும்.

திருவாரூர் அக்கா:
சாஸ் சுலபம்தான் தம்பி. அரை லிட்டர் புளிக்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து ஃபிரிட்ஜுக்குள் மூன்று மணி நேரம் விடுங்கள். சித்திரை வெயிலில் வெளியே தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும். வெள்ளரியை விதை நீக்கித் துருவி, உப்புப் பிசறி, கால் மணி கழித்துப் பிழிந்த பிறகே தயிரில் சேர்க்கணும். பூண்டு ஒரே பல், உப்போடு நசுக்கியது. எலுமிச்சை அரை மூடி, ஆலிவ் எண்ணெய் ஒரு ஸ்பூன். இதை அடுப்பில் ஏற்றாதீர்கள், திரிந்துவிடும்.

வெள்ளரிக்குப் பதில் எள் விழுது சேர்ப்பதும் உண்டு. தோல் நீக்கிய வெள்ளை எள்ளைச் சிவக்காமல் வறுத்து அரையுங்கள். நம் பக்கத்துக் கறுப்பு எள் தோலோடு அரைபட்டால் கசக்கும்.

குத்தாலம்வாசி:
நன்றி அக்கா. கோஃப்தாவில் போடுகிற ஆல்ஸ்பைஸ் என்ற மசாலாக் காய் இங்கே கிடைக்கவில்லை. பிடிப்புக்குப் பொட்டுக்கடலை மாவு போடலாமா?

கும்பகோணம் அடுப்படி:
மாவும் சோம்பும் போட்டால் கோலா உருண்டைதான் வரும். அருமையான பண்டம், ஆனால் வேறு பண்டம். ஆல்ஸ்பைஸுக்கு மிளகு அரை டீஸ்பூன், கிராம்பு 2, பட்டை சிறு துண்டு, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை பொடித்துப் போடுங்கள். வறுத்த சீரகத்தூள் ஒன்றரை டீஸ்பூன்.

கல் நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள், பக்கத்துக்கு நாலு நிமிடம். அடி சிவந்தால் தானே கல்லை விடும், அதுவரை தோசைத்திருப்பியை நுழைக்க வேண்டாம், மேலே அழுத்தவும் வேண்டாம். கொத்துக்கறி என்பதால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்க வேண்டும்.