25 பேருக்குப் பழமும் பார்லியும் போட்ட சாலட்: வெயிலில் தண்ணீர் விடாமல் செய்வது எப்படி?

ஜெலுத்தோங்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கும் என் சின்ன மாமா குடும்பம் பள்ளி விடுமுறைக்கு ஆகஸ்ட் முதல் வாரம் பினாங்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலை பக்கம் யூத் பார்க்கில் எல்லாரும் கூடுகிறோம், சுமார் 25 பேர். ஆளுக்கு ஒரு பண்டம். பெரியம்மாவுக்குப் புளிசாதம், அம்மாவுக்குக் கோழிப் பிரட்டல், அண்ணிக்கு மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) என்று பிரித்தாயிற்று. என் தலையில் விழுந்தது சாலட்.

காரணம் மாமி அனுப்பிய வாட்சப் படம். அங்கே கோடையில் தோட்டத்தில் விருந்து வைத்தால் இதைத்தான் செய்வார்களாம். வேகவைத்த பார்லி, பீச் பழம், காய்ந்த கிரான்பெரி, புதினா, மேலே ஃபீட்டா சீஸ். "நம்ம ஊர் பழம் போட்டுச் செய்யும்மா" என்று ஒரு வரி. அவ்வளவுதான் ரெசிபி.

பீச் இங்கே விற்கிற விலைக்கு 25 பேருக்கு வாங்க நான் தயாரில்லை. எந்தப் பழம் போடலாம்? பார்லியா, லிட்டில் இந்தியாவில் கிடைக்கும் தினையா? காலை ஏழு மணிக்குச் செய்து பதினொன்றரைக்குச் சாப்பிட்டால் கஞ்சியாகிவிடாதா? இன்னொன்று: அது ஆடி மாதம். பெரியம்மாவும் இன்னும் சிலரும் மாதம் முழுக்கச் சைவம்.

பாலிக்பூலாவ்_அக்கா:

உனக்கு என் மகள் வயசு இருக்கும் போலிருக்கிறது, அதனால் நீ என்றே எழுதுகிறேன். வீட்டிலிருந்தே சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறவள் நான். இந்த மாதிரி சாலட் கெடுவது பழத்தில்தான், அதனால் பழத்திலிருந்தே தொடங்குவோம்.

இனிப்பாக இருக்கிறதா என்று பார்க்காதே, வெட்டினால் எவ்வளவு தண்ணீர் விடும் என்று பார். தர்ப்பூசணி, பப்பாளி இரண்டும் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடும். சிவப்பு டிராகன் பழம் போட்டால் பத்து நிமிஷத்தில் பார்லி, புதினா, உன் கை எல்லாம் ஒரே நிறம். ரம்புத்தானும் மங்குஸ்தீனும் சீசன்தான், ஆனால் 25 பேருக்குக் கொட்டை எடுத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? அவற்றை அப்படியே கூடையில் வை, பிள்ளைகள் உரித்துத் தின்னட்டும். ஹாரூமானிஸ் மாம்பழத்தையும் தேடாதே, ஆகஸ்டில் பெர்லிஸிலேயே சீசன் முடிந்திருக்கும்.

நான் போடுவது நான்கு. கொட்டையில்லாத கொய்யா, செங்காய் மாங்காய், அன்னாசி, பொமெலோ (பம்பளிமாஸ்). கொய்யாவைக் காலையில் வெட்டினாலும் மத்தியானம் வரைக்கும் கடுக்கென்று இருக்கும். அன்னாசியை நடுத்தண்டு எடுத்துச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, வடிதட்டில் அரை மணி நேரம் விட்டுவிடு. வடிகிற சாற்றை வீணாக்காதே, பிறகு சொல்கிறேன்.

பொமெலோவுக்குத்தான் பொறுமை வேண்டும். ஈப்போ தம்புன் பக்கத்துப் பழம் கிடைத்தால் வாங்கு. தலையைச் சீவி, தோலை நீளவாக்கில் கீறி உரித்து, வெள்ளைப் பஞ்சு முழுவதையும் எடு. ஒவ்வொரு சுளையின் முதுகிலும் நகத்தால் கீறி, சவ்வைப் பின்னுக்கு மடித்தால் உள்ளே முத்து முத்தாகச் சேர்ந்திருக்கும். அதைக் கத்தியால் தொடாதே, கத்தி பட்டால் சாறு ஒழுகும். விரலால் உதிர்த்தால் ஒவ்வொரு முத்தும் முழுசாக வரும், பார்லிக்கு நடுவில் ஒளிந்துகொண்டு வாயில்தான் உடையும். இந்தச் சாலட்டில் எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான்.

கிரான்பெரிக்குப் பதில் நம் ஊரிலேயே அருமையான சாமான் இருக்கிறது: சௌராஸ்தா மார்க்கெட்டில் ஜெருக் (ஊறவைத்த பழம்) விற்கிற கடைகளில் ஜாதிக்காய்ச் சதையைத் துருவி, சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைத்தது. இனிப்பு, புளிப்பு, கொஞ்சம் மூக்கில் ஏறும் வாசனை. இரண்டு கைப்பிடி போதும். லண்டனிலிருந்து வருகிறவர்களுக்குக் கிரான்பெரியையே திருப்பிக் கொடுப்பானேன்?

இனி தானியம். தினை நல்லதுதான், ஆனால் ஆறியதும் கட்டி தட்டும், உதிர்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பெரிய கூட்டத்துக்குப் பார்லியே தோது. வேறு பண்டங்களும் இருப்பதால் 600 கிராம் போதும், வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு எடைக்கு வரும். வெட்டிய பழம் இரண்டு கிலோ. பிரஷர் குக்கர் பக்கமே போகாதே. பெரிய பானையில் நிறையத் தண்ணீர் கொதிக்கவிட்டு, கழுவிய பார்லியைப் போட்டு, 25 நிமிஷத்திலிருந்து கடித்துப் பார். நடுவில் லேசாகப் பல்லுக்குத் தட்டுப்படும்போது வடித்துவிடு. வடித்ததைக் குழாயடியில் ஒருமுறை அலச வேண்டும். பார்லியில் பீட்டா குளுக்கன் என்று ஒரு நார்ச்சத்து இருக்கிறது, கொழகொழப்பு அதனால்தான். உடம்புக்கு நல்லது, சாலட்டுக்கு ஆகாது. வேகவைக்கும்போது உப்புப் போடாமல் விட்டால் அந்த வடிநீரில் சர்க்கரையும் அன்னாசிச் சாறும் கலந்து பிள்ளைகளுக்குப் பார்லித் தண்ணீராகக் கொடுத்துவிடலாம்.

மேலே ஊற்ற: லிமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) சாறு 150 மில்லி, வாசனை இல்லாத எண்ணெய் 120 மில்லி, உப்பு இரண்டு தேக்கரண்டி, உருக்கிய குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) இரண்டு மேசைக்கரண்டி, துருவிய இஞ்சி, புங்கா கந்தான் (வாசனையான இஞ்சிவகைப் பூமொட்டு) ஒன்று மெல்லிசாக அரிந்தது. இதில் முக்கால் பங்கைப் பார்லி வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்று, அப்போதுதான் உள்ளே இழுக்கும். மீதியும் பழமும் சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால். புதினாவை அங்கேயே கையால் கிள்ளிப் போடு, வீட்டில் நறுக்கினால் கருத்துவிடும்.

ரோஜாக்_அங்கிள்:

படித்தேன். பார்லியை எடுத்துவிட்டு ஹே கோ (கருப்பு இறால் சாந்து) ஒரு கரண்டி, வறுத்த கடலை, மிளகாய் போட்டால் உலகத்திலேயே சிறந்த சாலட் வந்துவிடும். அதற்குப் பெயர் ரோஜாக். லண்டன்காரர்கள் பினாங்கு வந்து பார்லி சாப்பிடவேண்டுமா?

சரி சரி, ஆடி மாதம், அந்தச் சாந்தில் இறால் இருக்கிறது, தெரியும். ஆனால் ரோஜாக்கில் இருந்து ஒன்றைக் கட்டாயம் திருடிக்கொள்: செங்குவாங், பச்சையாகவே தின்னும் வெள்ளைக் கிழங்கு. தண்ணீர் விடாது, கருக்காது, விலையும் மலிவு. அப்புறம் கடலையை முன்கூட்டியே கலந்துவிடாதே, நமத்த கடலை மாதிரி துக்கம் வேறு இல்லை.

குளிர்அறை_தம்பி:

ஹோட்டல் சமையலறையில் வேலை. டைபாய்டு ஊசி போட்டு, உணவு கையாள்வோர் பயிற்சியும் முடித்தவன் என்பதால் கொஞ்சம் பயமுறுத்துகிறேன், மன்னிக்கவும்.

அக்கா சொன்ன முறையில் ஒன்று சேர்க்கவேண்டும். வடித்த பார்லியைப் பானையிலேயே மூடி வைக்காதீர்கள். சோற்றில் வரும் அதே பேசில்லஸ் சீரியஸ் கிருமி எந்தத் தானியத்திலும் வரும். அந்தக் கிருமியின் வித்துகள் கொதியில் சாகாது, சூடு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். அது விடும் நஞ்சில் ஒரு வகை மறுபடி சுட வைத்தாலும் போகாது. அதனால் இரண்டு மூன்று பெரிய தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறியடியில் வைத்து, வெதுவெதுப்புக்கு வந்ததும் சாறு கலந்து, உடனே குளிர்பெட்டியில் தள்ளுங்கள். முதல் நாள் இரவே இதைச் செய்துவிடலாம். காலை ஏழு மணிக்குப் பழம் வெட்டினால் போதும்.

வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். நம் ஊரில் மத்தியானம் அதைத் தாண்டுவது சாதாரணம். ஐஸ் பெட்டியில் பழம் ஒரு டப்பா, பார்லி ஒரு டப்பா. பரிமாறும் கிண்ணத்தை ஐஸ் கொட்டிய பேசின்மேல் வைத்து, பாதி பாதியாகக் கலந்து எடுங்கள்.

யாராவது தயிர் ஊற்றலாம் என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பச்சை அன்னாசியில் இருக்கும் புரோமலைன் பாலின் புரதத்தை உடைத்துவிடும், கொஞ்ச நேரத்தில் கசக்கும். டின் அன்னாசியில் அந்தச் சிக்கல் இல்லை, சூட்டில் அது செயலிழந்துவிடும்.

அழகுக்காக நட்சத்திரப் பழம் வெட்டி மேலே வைக்கும் எண்ணம் இருந்தால், வருகிறவர்களில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அது நஞ்சு, டயாலிசிஸ் செய்கிறவர்கள் ஒரு துண்டுகூடத் தொடக்கூடாது. பார்லியில் குளூட்டன் இருப்பதையும் லண்டன் பிள்ளைகளின் அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஜெலுத்தோங்_பொண்ணு:

அக்கா, தம்பி, அங்கிள், எல்லாருக்கும் நன்றி. நட்சத்திரப் பழம் வேண்டவே வேண்டாம், எங்கள் தாத்தா வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். கேட்டது நல்லதாகப் போயிற்று.

இன்று சீனர் மளிகைக் கடையில் பார்லி கேட்டேன். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று சின்னது, இன்னொன்று அதைவிடப் பெரிசாக, நடுவில் அகலமான பள்ளத்தோடு. விலையும் அதிகம். பெரியது பார்க்க அழகாக இருக்கிறது. எதை வாங்க? ஃபீட்டா சீஸ் போடலாமா, அதிலும் அன்னாசி கசக்குமா?

பாலிக்பூலாவ்_அக்கா:

சின்னதை வாங்கு. பெரியது சீனப் பார்லி என்று விற்பார்கள், உண்மையில் அது வேறு செடியின் விதை. வேக இன்னும் நேரம் பிடிக்கும், எவ்வளவு மென்றாலும் வாயிலேயே நிற்கும். சீனக் குடும்பங்களில் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கமாட்டார்கள், உங்கள் கூட்டத்தில் யாராவது மாசமாக இருந்தால் வீண் பேச்சு வேறு.

தாத்தாவுக்கு நட்சத்திரப் பழம் மட்டுமில்லை, கொய்யா மாதிரி பொட்டாசியம் உள்ள பழங்களையும் மருத்துவர் அளவாகத்தான் சொல்லியிருப்பார். அவருக்கு என்ன எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டு, தனியாக ஒரு சின்னக் கிண்ணம் எடுத்து வை.

ஃபீட்டா பற்றி: அதுவும் பால் புரதம்தான், கலந்து ஊறவிட்டால் தம்பி சொன்ன கதை. உதிர்த்துத் தனி டப்பாவில் கொண்டு போ, வேண்டியவர்கள் தட்டில் தூவிக்கொள்ளட்டும். சைவக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போடு, சில சீஸில் பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட் சேர்ப்பார்கள், டப்பாவில் எழுதியிருக்கும். ஐஸ் பெட்டியில் வைக்கும்போது அம்மாவின் கோழி டப்பா அடியில், பழமும் சீஸும் அதற்கு மேலே.